எழுதிய கதைக்கு ஏஐ சாட்பாட்டிடம் கருத்துக் கேட்பது எப்படி

"இந்தக் கதை எப்படி இருக்கிறது?" என்று சாட்பாட்டிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். உணர்வுபூர்வமான கதை, சூழல் விவரிப்பு அருமை, பாத்திரங்கள் உயிரோட்டமாக இருக்கிறார்கள், முடிவை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கலாம். வேறொரு கதையைக் கொடுத்தாலும் சொற்கள் கொஞ்சம் மாறுமே தவிர சாரம் மாறாது. இதை வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தால் எந்த வரியில் கை வைப்பது என்று தெரியாது.

பிழை கேள்வியில் இருக்கிறது. சாட்பாட்டின் ரசனையை நம்பித் தீர்ப்புக் கேட்பதில் பயனில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் வரிகளிலிருந்து என்ன புரிகிறது என்பதை அது நன்றாகவே சொல்லும். நீங்கள் மனத்தில் வைத்து எழுதியதும் அதற்குப் புரிந்ததும் எந்த இடத்தில் விலகுகின்றன என்று கண்டுபிடிக்க முடிந்தால் திருத்தத்தில் பாதி முடிந்த மாதிரி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த விலகலைத் தேடுவதற்கானவை.

ஏன் புகழ்கிறது

சாட்பாட்டுகளை இயக்கும் மொழி மாடல்களைப் பயிற்றுவிக்கும்போது, ஒரே கேள்விக்கான இரண்டு பதில்களை மனிதர்கள் முன் வைத்து எது மேல் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தட்டிக்கொடுக்கும் பதிலை மனிதர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும்போது மாடல் அதைக் கற்றுக்கொள்கிறது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை அப்போது இயக்கிய ஜிபிடி-4ஓ மாடலுக்கு வந்த ஒரு புதுப்பிப்பில் இந்த ஆமாம்சாமித்தனம் அளவு கடந்து போனதால், அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. மற்ற நிறுவனங்களின் மாடல்களிலும் இந்தக் குணம் கூடக் குறைய உண்டு.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த கோடிக்குப் போவார்கள். "ஈவு இரக்கம் பார்க்காமல் விமர்சி, 10 குறைகளைச் சொல்" என்று கேட்பார்கள். 10 கேட்டால் 10 வரும். கதையில் மூன்றே குறைகள் இருந்தாலும் மீதி ஏழையும் அது எங்கிருந்தாவது கொண்டுவந்து நிரப்பும். கடுமையாகப் பேசுவதால் அது உண்மை என்று தோன்றுவது எழுதுகிறவர்களுக்கு இயல்பு. ஆனால் இதுவும் கேட்டவர் விருப்பத்துக்கு ஆடுவதுதான். எத்தனை குறை வேண்டும் என்று ஒருபோதும் எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

கொடுப்பதற்கு முன்

கதையை முடித்துவிட்டுக் கொடுங்கள். பாதிக் கதையோடு கருத்துக் கேட்டால், மீதிப் பாதியை அதன் யோசனைகள் எழுதத் தொடங்கிவிடும். முடித்த பிறகு 3 நாட்களாவது ஆறப் போட்டு, நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். உங்கள் கண்ணுக்கே தெரியக்கூடிய பிழைகளை வைத்துக்கொண்டு கொடுத்தால், பதிலெல்லாம் அந்தப் பிழைகளைப் பற்றியே இருக்கும்.

பிறகு ஒரு தாளில் 5 வரி எழுதுங்கள்: முக்கியப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்; கதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் எது மாறுகிறது; வாசகருக்கு எந்த விஷயம் எந்த இடத்தில் தெரிய வேண்டும்; எது கடைசிவரை சொல்லப்படாமலே இருக்க வேண்டும்; எந்தப் பத்தியில் வாசகர் நின்று நிதானிக்க வேண்டும். இந்தத் தாளைச் சாட்பாட்டிடம் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் நீங்கள் எழுதியதைப் படிக்காமல், எழுத நினைத்ததைப் படித்துவிட்டு "ஆம், இது தெளிவாக வெளிப்பட்டிருக்கிறது" என்று சொல்லும்.

உரையைத் தயார்செய்வதில் தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சில கூடுதல் வேலைகள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், ஒட்டியதும் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் போய்ச் சேரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து முன்பின்னாக விழுவது சாதாரணம். மாடல் அதை ஊகித்துப் படித்துவிட்டு எதுவுமே நடக்காததுபோலப் பதில் சொல்லும். எந்தச் சொல்லைத் தவறாகப் படித்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். கைப்பிரதியைப் படம் எடுத்துக் கொடுப்பதிலும் இதே ஆபத்து: ர, ற மயக்கமும் ன, ண மயக்கமும் புகுந்துவிடும். வேர்ட் கோப்பிலிருந்தோ கூகுள் டாக்ஸிலிருந்தோ வெறும் உரையாக எடுத்து ஒட்டுவதே நல்லது.

பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் இடுங்கள். 2,000 சொல் கதையில் இதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. பதில் வரும்போது "நடுப்பகுதியில் தொய்வு" என்ற மழுப்பலுக்கு இடமில்லாமல், எந்தப் பத்தி என்று கேட்க இந்த எண்கள்தான் பிடிமானம்.

ஒவ்வொரு முறையும் புதிய சாட்டில் தொடங்குங்கள். முந்தைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி (மெமரி) இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். நீங்கள் எழுத்தாளர், போன வாரம் மனம் சோர்ந்திருந்தீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தால் பதில் அதற்கேற்ப இளகும். சாட்ஜிபிடியில் தற்காலிக சாட் என்ற வசதி இதற்குப் பொருத்தமானது. கதை உங்களுடையது என்று சொல்ல வேண்டாம். யாருடையது என்றே சொல்லாமல், "ஒரு சிறுகதை" என்று மட்டும் சொன்னால் போதும்.

முதல் சுற்று: என்ன புரிந்தது

முதல் கேள்வியை இப்படி அமைக்கலாம்:

"கீழே ஒரு சிறுகதை இருக்கிறது. பத்திகளுக்கு எண் இட்டிருக்கிறது. கதை நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டாம். ஆலோசனையும் வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் என்ன நடக்கிறது, அந்தப் பத்தி முடியும்போது வாசகருக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது என்று ஒரு வரியில் எழுது. கதையில் நேரடியாகச் சொல்லப்பட்டதையும் நீ ஊகித்துக்கொண்டதையும் பிரித்துக் காட்டு. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்."

வந்த பதிலை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு சின்ன எடுத்துக்காட்டு. கதையில் இந்தப் பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது ஆணியில் தொங்கிய குடைதான். வெளியே மழை இன்னும் விடவில்லை. 'அப்பா எங்கம்மா?' என்றாள். அம்மா அடுப்பை அணைத்தாள்."

எழுதியவர் நினைத்தது: மழைநாளில் குடை இல்லாமல் படியிறங்காத மனிதர், குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், திரும்பி வரும் எண்ணத்தோடு போகவில்லை. சாட்பாட்டுக்குப் புரிந்தது: குடை வீட்டில் இருக்கிறது, ஆகவே அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார், அம்மா சாப்பாடு போடத் தயாராகிறாள். இந்த வாசிப்பில் பிழையே இல்லை. பக்கத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அதுதான் வரும்.

இதே பத்தியைக் காட்டி "எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டிருந்தால், அம்மாவின் முகத்தில் துயரத்தைக் காட்டுங்கள், நடுங்கும் கையை விவரியுங்கள் என்று யோசனை வந்திருக்கும். அதைச் செய்தால் பத்தி கெட்டுப்போகும். தேவை வேறு: முன்னால் எங்கோ ஓரிடத்தில், தூறல் என்றாலும் குடையைத் தேடுகிற மனிதர் அவர் என்று போகிறபோக்கில் ஒரு வரி. இந்தப் பத்தியில் ஒரு சொல்கூட மாற வேண்டாம். சாட்பாட்டின் வாசிப்பை எடுத்துக்கொண்டு அதன் மருந்தை விட்டுவிடச் சொல்வது இதனால்தான். எங்கோ வலிக்கிறது என்பதைச் சரியாகக் காட்டிவிட்டு, அதற்கு அது சொல்லும் சிகிச்சை பெரும்பாலும் விளக்கு, விவரி, வெளிப்படையாகச் சொல் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எந்தப் பத்திக்கு எதிரே "புதிதாக எதுவும் இல்லை" என்று வருகிறதோ, அதைச் சந்தேகப்படலாம். உடனே வெட்ட வேண்டியதில்லை. மூச்சு விடுவதற்காக, காலம் நகர்வதைக் காட்டுவதற்காக எழுதிய பத்தியும் இந்தப் பட்டியலில் வந்து விழும். அதை வைத்திருக்க உங்களிடம் காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கதையைத் துண்டாக்கிக் கொடுத்தல்

இந்த ஒரு உத்திக்காகவே சாட்பாட்டைப் பயன்படுத்தலாம். மனித வாசகர் ஒருவரை மூன்று இடத்தில் நிறுத்தி, மூன்று முறை கேள்வி கேட்பது சங்கடம். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

கதையை 3 பகுதியாகப் பிரியுங்கள். இரண்டாவது வெட்டு, முடிச்சு அவிழ்வதற்குச் சற்று முன்னால் விழட்டும். புதிய சாட்டில் முதல் பகுதியை மட்டும் கொடுத்து, "அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாய்? வாய்ப்பு அதிகமானதிலிருந்து வரிசையாக 3 ஊகங்கள். ஒவ்வொன்றுக்கும் அப்படி நினைக்க வைத்த வரியைக் கதையிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். இரண்டாம் பகுதிக்கும் அதே கேள்வி. ஏற்கெனவே முழுக் கதையையும் ஒட்டிய சாட்டில் இதைச் செய்யக் கூடாது. முடிவைப் படித்துவிட்ட மாடலால் படிக்காததுபோல ஊகிக்க முடியாது.

முதல் பகுதியிலேயே உங்கள் முடிவு அதன் முதல் ஊகமாக வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். குறிப்பு உரக்க விழுந்திருக்கலாம். அல்லது இப்படித் தொடங்கும் கதைகள் வழக்கமாக இப்படித்தான் முடிகின்றன. நீங்களும் அந்த வண்டித்தடத்தில் போயிருக்கிறீர்கள். மொழி மாடலின் அடிப்படை வேலையே எது வர வாய்ப்பு அதிகம் என்று கணிப்பது. ஆகவே தேய்ந்த முடிவைக் கண்டுபிடிக்க அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. எந்த வரியைக் காரணமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். வரியைச் சுட்டினால் முதல் காரணம். சுட்ட முடியாமல் பொதுவாகப் பேசினால் இரண்டாவது.

முடிவு எந்த ஊகத்திலும் வரவில்லை என்றால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். மூன்றாம் பகுதியையும் கொடுத்துவிட்டு, "இந்த முடிவை முன்கூட்டியே உணர்த்திய வரிகள் எவை?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வரிகளை அதனால் காட்ட முடிந்தால், நீங்களும் அவற்றை அதற்காகவே எழுதியிருந்தால், விதை சரியாக விழுந்திருக்கிறது. ஒன்றும் காட்ட முடியாவிட்டால் முடிவு வானத்திலிருந்து குதித்திருக்கிறது.

தேய்ந்த தொடர்களும் தொடர்ச்சிப் பிழைகளும்

இதே கணிக்கும் குணத்தை மொழிநடைக்கும் பயன்படுத்தலாம். "இந்தக் கதையில் அடிக்கடி கேட்டுப் பழகிய உவமைகளையும் தொடர்களையும் பட்டியலிடு, பத்தி எண்ணோடு" என்றால், கண்கள் குளமாவது, இதயம் படபடப்பது, நிசப்தம் கவிவது எல்லாம் வரிசையாக வந்துவிடும். மாற்று கேட்காதீர்கள். மாற்றும் அதே கிடங்கிலிருந்துதான் வரும்.

பெயர், வயது, கிழமை, யார் எந்த அறையில் இருந்தார், யாருக்கு எது எப்போது தெரியும் போன்ற தொடர்ச்சிப் பிழைகளைப் பிடிப்பதிலும் இது கெட்டி. ஒரு பாத்திரத்தின் பார்வையில் போகும் கதையில் திடீரென இன்னொருவர் மனத்துக்குள் நுழையும் வாக்கியங்களைக் கேட்டாலும் எடுத்துத் தரும். ஆனால் எண்ணிக்கை கேட்காதீர்கள். "திடீரென்று" எத்தனை முறை வருகிறது என்பதற்குத் தவறான எண்ணைத் தயங்காமல் சொல்லும். மாடல் உரையை டோக்கன் என்ற துண்டுகளாகப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் ஒன்று பல துண்டுகளாக உடையும். இதற்கு வேர்டில் கண்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடினால் போதும்.

பதிலைச் சரிபார்த்தல்

கதையில் இல்லாத வரியை மேற்கோளாகக் காட்டுவது அடிக்கடி நடக்கும். அது சுட்டும் ஒவ்வொரு வரியையும் உங்கள் கோப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த மேற்கோளை நம்பிச் சொன்ன கருத்தையும் ஒதுக்கிவிடலாம்.

ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் வருவது இந்த மாடல்களின் அமைப்பிலேயே இருக்கிறது. அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் தற்செயல் கலந்திருக்கிறது. ஆகவே ஒரு பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே கேள்வியை 3 புதிய சாட்களில் கேளுங்கள். முடிந்தால் ஒன்று சாட்ஜிபிடி, ஒன்று ஜெமினி, ஒன்று கிளாட் என்று மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பத்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தது பெரும்பாலும் இரைச்சல்.

"இல்லை, அந்தப் பத்தி அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று வாதாடிப் பார்த்தால் உடனே "நீங்கள் சொல்வது சரி" என்று பின்வாங்கும். அதனால் நீங்கள் வென்றதாக ஆகாது. வாதத்தைத் தவிர்த்துவிட்டு, திருத்திய வடிவத்தைப் புதிய சாட்டில் கொடுத்து, அதே முதல் கேள்வியைக் கேளுங்கள்.

தமிழ்க் கதையில் கூடுதல் எச்சரிக்கை

மாடல்களின் பயிற்சி உரையில் தமிழின் பங்கு ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. அதிலும் பேச்சுத்தமிழ் இன்னும் குறைவு. விளைவு கண்ணெதிரே தெரியும். "போறேங்குறான்" என்று பாத்திரம் பேசினால் அதைப் பிழை என்று சொல்லி "போகிறேன் என்கிறான்" ஆக்கும். வட்டார வழக்குச் சொல்லைத் தெரியாமலே பொருள் கற்பித்துக்கொள்ளும். ஒரு பாத்திரம் நீ என்பதிலிருந்து நீங்க என்பதற்கு மாறும்போது உறவில் விழும் விரிசலைக் கவனிக்காமல் கடந்துபோகும். உரையாடலைப் பற்றி அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. அந்த வழக்கைப் பேசி வளர்ந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

சந்தியும் அப்படியே. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று விதியின் பெயரோடு விளக்கும். விதி சரியாக இருக்கும், பொருத்திய இடம் தவறாக இருக்கும். தவறான விளக்கமும் சரியான விளக்கமும் ஒரே தன்னம்பிக்கையோடு வரும். ஒற்றுப்பிழையை இலக்கண நூலை வைத்துக்கொண்டு நீங்களே பார்த்துவிடுங்கள்.

திருத்தி எழுதித் தரச் சொல்லக் கூடாது

ஒரு வாக்கியத்தைக்கூட. கேட்காவிட்டாலும் பதிலின் முடிவில் "இப்படி எழுதலாம்" என்று ஒன்றை நீட்டும். "மாற்று வாக்கியம் எதுவும் தராதே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தருவது வழுவழுப்பான நடை. படித்த அந்தக் கணமே உங்கள் காதில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு உங்கள் சொந்த வாக்கியம் கரடுமுரடாகத் தெரியத் தொடங்கும். கரடுமுரடாக இருந்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம் என்பது அப்போது நினைவுக்கு வராது.

கதை அனுப்பும் இடத்தின் விதிகளும் இதில் குறுக்கிடும். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபி 2023 செப்டம்பரிலிருந்து, ஏஐ உருவாக்கிய உரை புத்தகத்தில் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கிறது. நீங்கள் எழுதியதைச் சரிபார்க்கவும் மெருகேற்றவும் மட்டும் பயன்படுத்தியிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. ஆங்கில அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட், ஏஐ எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை பெறுவதையே சிறிது காலம் நிறுத்தியது; ஏஐயின் உதவியோடு உருவான கதையையும் ஏற்பதில்லை என்று பிறகு விதி வைத்தது. இவை இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நிலைப்பாடுகள் உண்டு. அனுப்பும் முன் அந்த இதழின் அல்லது போட்டியின் விதியைப் படியுங்கள். கருத்துக் கேட்பதே கூடாது என்று இருந்தால் அந்தக் கதையைச் சாட்பாட்டிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

வெளிவராத கதையை ஒட்டுவதற்கு முன் அமைப்புகளில் தரவு பற்றிய பகுதியைத் திறந்து, உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை நிறுத்துங்கள். மனிதர்கள் சிலவற்றைப் பரிசீலிக்கக்கூடும், ரகசியமானதை உள்ளிட வேண்டாம் என்று ஜெமினிக்கு கூகுளே சொல்லிவைத்திருக்கிறது. உண்மை மனிதர்களை வைத்து எழுதியிருந்தால் பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

நாவலாக இருந்தால்

முழு நாவலையும் ஏற்ற முடியும் என்பதற்காக ஏற்றாதீர்கள். நீண்ட உரையின் தொடக்கத்தையும் இறுதியையும் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதைத் தவறவிடும் பழக்கம் மொழி மாடல்களுக்கு உண்டு என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. புதிய மாடல்கள் மேம்பட்டிருந்தாலும், 60,000 சொல் நாவலின் 14ஆம் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டால் பதில் மங்கலாக வரக்கூடும். ஒரு நேரத்தில் ஓர் அத்தியாயம், 2,000 முதல் 3,000 சொல். கூடவே அதுவரை நடந்ததை நீங்களே எழுதிய அரைப்பக்கச் சுருக்கம். சுருக்கத்தில் வாசகருக்குத் தெரிந்தது மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் தெரிந்தது நுழைந்துவிட்டால் சோதனை வீண்.

எப்போது நிறுத்துவது

ஒரு கதைக்கு இரண்டு சுற்று, மிஞ்சிப்போனால் மூன்று. முதல் சுற்றில் சொன்னதற்கு நேர்மாறாகப் பேசத் தொடங்கினால், அதாவது அன்று அதிகம் என்று சொன்னதை இன்று போதாது என்று சொன்னால், அதற்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்று பொருள். கிடைத்த குறிப்புகளை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுப் படியுங்கள். "ஆமாம், எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது" என்று தோன்றுவதை முதலில் திருத்துங்கள். புரியாத குறிப்புக்காக ஒரு வரியையும் மாற்ற வேண்டாம்.

சாட்பாட்டுக்கு ஒருபோதும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: அலுப்பு. எவ்வளவு இழுவையான பத்தியையும் கடைசிவரை படித்துவிடும். ஆகவே திருத்தி முடித்த கதையை இரண்டு மனிதர்களிடம் கொடுங்கள். கருத்து எதுவும் கேட்க வேண்டாம். எந்தப் பத்தியில் கை தானாகக் கைபேசியைத் தேடியதோ, அந்த ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.